அனுபவமும் பட்டமும்: அவசர மருத்துவ உதவியாளர் செவிலியராகும் வழி

(மருத்துவப் பணியாளர் கல்வி குறித்து மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கல்வித் திட்டங்களை வகுப்போர் முன் நெடுங்காலமாக ஒரு கேள்வி நின்று வருகிறது. ஒருவர் எந்த நிறுவனத்தில், எத்தனை ஆண்டுகள் அமர்ந்து பயின்றார் என்பதற்குச் சான்று வழங்குவதா, அல்லது அவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய இயலும் என்பதற்குச் சான்று வழங்குவதா என்பதே அக்கேள்வி. இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் இதற்குத் தவறான விடை கண்டாலும் உயிருக்குத் தீங்கு நேர்வதில்லை. மருத்துவப் பணியில் அவ்வாறு கூற இயலாது. தகுதியற்றவருக்குச் சான்று கிடைத்தால் நோயாளி துன்புறுவார். தகுதியுள்ளவருக்குச் சான்று மறுக்கப்பட்டால், போதிய பணியாளர் இன்றி மருத்துவமனை இயங்கும்; அப்போதும் துன்புறுபவர் நோயாளியே.

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உள்ளது. ஆம்புலன்ஸ் வண்டிகளில் பல்லாண்டுகள் பணியாற்றியவர்கள், வேலையை விடாமல், வகுப்பறைக்குச் செல்லாமல், தத்தம் வசதிக்கேற்ற வேகத்தில் பயின்று பட்டம் பெற்று, செவிலியராகப் பதிவு செய்துகொள்ள வழி செய்த திட்டம் அது. அத்திட்டம் கண்ட வெற்றியும், அது சந்தித்த எதிர்ப்பும் இந்தியாவுக்குப் பயன்படும் படிப்பினைகளைக் கொண்டுள்ளன.

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவை. இந்தியாவில் ‘பாராமெடிக்கல்’ என்னும் சொல் ஆய்வகப் பணியாளர், எக்ஸ்ரே பணியாளர், அறுவை அரங்கப் பணியாளர் எனப் பலரையும் குறிக்க வழங்குகிறது. அமெரிக்காவில் ‘பாராமெடிக்’ என்பவர், மருத்துவமனைக்கு வெளியே, விபத்து நிகழ்ந்த இடத்திலும் ஆம்புலன்ஸ் வண்டியிலும் உயிர் காக்கும் சிகிச்சை அளிக்க உயர்நிலைப் பயிற்சி பெற்றவர். இவ்வுரையில் அவரே ‘அவசர மருத்துவ உதவியாளர்’ எனப்படுகிறார்.

இரு தொழில்கள்

அமெரிக்காவில் இத்தொழில் பழமையானது அன்று. 1966-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடு அக்காலத்தில் மிகவும் பின்தங்கியிருந்தது. பல ஊர்களில் ஈமச் சடங்கு நடத்தும் நிறுவனங்களின் வண்டிகளே ஆம்புலன்சாகவும் பயன்பட்டன. 1967-இல் பிட்ஸ்பர்க் நகரில் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்னும் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. வேலையின்றி இருந்த கறுப்பின மக்களுக்குத் தீவிரப் பயிற்சி அளித்து உருவாக்கப்பட்ட அச்சேவை, மருத்துவப் பட்டம் இல்லாதோரும் வழியிலேயே சிறந்த சிகிச்சை அளிக்க இயலும் என்பதைக் காட்டியது. 1973-இல் அவசர மருத்துவச் சேவைகளுக்கென மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, நிதியுதவியும் அளித்தது. அதன்பின் இத்தொழில் நாடெங்கும் வேரூன்றியது.

அவசர மருத்துவ உதவியாளர் செய்யும் பணி எளிதானதன்று. அவர் மூச்சுக்குழாயில் குழல் செலுத்துகிறார். இதயத் துடிப்பின் வரைபடத்தைப் படித்துப் பொருள் காண்கிறார். நின்றுபோன இதயத்தை மின்னதிர்வால் மீண்டும் இயக்க முயல்கிறார். சிரையின் வழியே திரவமும் மருந்தும் செலுத்துகிறார். மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதித் தந்த நெறிமுறைகளின்படி, மருத்துவர் அருகில் இல்லாத நிலையில், சில நிமிடங்களுக்குள் முடிவெடுக்கிறார்.

எனினும் அவருடைய பணி செவிலியர் பணியினின்று வேறுபட்டது. நோயாளியுடன் அவருக்குள்ள தொடர்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. செவிலியரோ ஒரே வேளையில் பல நோயாளிகளைப் பல மணி நேரம் கவனிக்கிறார். அடுத்த நாளும் அவர்களையே காண்கிறார். படுக்கைப் புண் வராமல் தடுத்தல், நெடுநாள் மருந்துகளின் பக்க விளைவைக் கண்காணித்தல், நீரிழிவு உள்ளவருக்கு உணவு முறையை விளக்குதல், பிரசவித்த தாயையும் சிசுவையும் பேணுதல், மனநோயாளியிடம் பொறுமையுடன் பேசுதல் ஆகியன அவர் கடமைகள். நோயாளியின் நிலையை மதிப்பிட்டு, தேவையை வரையறுத்து, பராமரிப்புத் திட்டம் எழுதி, செயற்படுத்தி, விளைவை மீண்டும் மதிப்பிடுவதே செவிலியத்தின் அடிப்படை முறை.

ஆகவே அனுபவமிக்க அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் செவிலியராக விரும்பினால், அவர் அறிந்தவை பல, அறியாதவையும் பல. முதலாண்டு மாணவரைப் போல அவரை நடத்தி, நாடித் துடிப்பை எண்ணக் கற்பிப்பது வீண். அவருக்கு எல்லாம் தெரியும் எனக் கருதி நேரே நோயாளியிடம் அனுப்புவது ஆபத்து. அவர் அறிந்ததை அளந்து ஏற்று, அறியாததை மட்டும் கற்பிக்கும் ஏற்பாடே தேவை. ஆனால் அளப்பது எங்ஙனம்?

நியூயார்க்கின் முயற்சி

இதற்கு விடை காண முயன்றது நியூயார்க் மாநிலம். 1970-இல் அம்மாநிலத்தின் கல்வி ஆணையராக இருந்த இவால்ட் நைக்விஸ்ட், கல்லூரியில் பயிலாதோர்க்கும் தேர்வின் மூலம் பட்டம் வழங்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னகி நிறுவனமும் நிதியளித்தன. ‘ரீஜெண்ட்ஸ் புறநிலைப் பட்டத் திட்டம்’ 1971-இல் உருவாயிற்று. பிற்காலத்தில் அது ரீஜெண்ட்ஸ் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1998-இல் தன்னாட்சி நிறுவனமாயிற்று. 2001-இல் எக்செல்சியர் கல்லூரி எனவும், 2022-இல் எக்செல்சியர் பல்கலைக்கழகம் எனவும் பெயர் மாறியது.

இத்திட்டத்தின் கொள்கை எளியது. ஒருவர் எங்கே, எவ்வாறு கற்றார் என்பது கேட்கப்படமாட்டாது. அவர் கற்றது என்ன என்பது மட்டுமே சோதிக்கப்படும். கலைப் பாடங்களில் தொடங்கிய இம்முயற்சி சில ஆண்டுகளிலேயே செவிலியத்துக்கும் விரிந்தது. அமெரிக்காவில் 1952 முதல் ஈராண்டுத் துணைப் பட்டத்தின் மூலம் செவிலியராகும் வழி இருந்து வந்ததால், புறநிலைத் திட்டமும் அதே பட்டத்தை வழங்க முடிந்தது. பட்டம் பெற்றோர், மற்றக் கல்லூரிகளில் பயின்றோர் எழுதும் அதே உரிமத் தேர்வை எழுதிப் பதிவு பெற்றனர்.

மாணவருக்கு வகுப்பும் கால அட்டவணையும் இல்லை. பாடத்திட்டமும் நூற்பட்டியலும் அவருக்கு அனுப்பப்படும். இரவுப் பணிக்கு இடையில் கிடைக்கும் ஓய்விலோ விடுமுறை நாளிலோ அவர் படித்துக்கொள்ளலாம். ஆயத்தமானதும் தேர்வு எழுதலாம். முன்பு வேறு கல்லூரியில் தேறிய பாடங்கள் இருந்தால் அவற்றுக்கும் மதிப்புண்டு. பிற்காலத்தில் இத்திட்டத்தில் சேரும் உரிமை, மருத்துவமனை உதவிச் செவிலியர், அவசர மருத்துவ உதவியாளர், இராணுவ மருத்துவப் படையினர் போன்று நோயாளிகளுடன் பழகிய அனுபவம் உடையோர்க்கு மட்டுமே என வரையறுக்கப்பட்டது. இந்த வரையறை குறிப்பிடத்தக்கது. தொலைவில் இருந்து பயிலும் முறை எல்லோர்க்கும் ஏற்றதன்று. நோயாளியை முன்பே அறிந்தவர்க்கே அது பொருந்தும் என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

இரண்டரை நாள் தேர்வு

எழுத்துத் தேர்வு மட்டுமே இருந்திருந்தால் இத்திட்டத்தை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். கேரி லென்பர்க் என்னும் செவிலியக் கல்வியாளர் வகுத்த செய்முறைத் தேர்வே இதன் உயிர்நாடியாக விளங்கியது.

அத்தேர்வு பல மாநிலங்களில் தெரிந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில், வார இறுதியில், ஏறத்தாழ இரண்டரை நாட்கள் நடைபெற்றது. முதற்கட்டம் ஆய்வுக்கூடத்தில் நிகழும். புண்ணுக்குக் கட்டிடுதல், ஊசி போடுதல், சிரை வழி மருந்து செலுத்துதல், சொட்டு வேகத்தைக் கணக்கிடுதல் ஆகியவற்றைத் தேர்வாளர் முன் செய்து காட்ட வேண்டும். அடுத்த கட்டத்தில் மாணவரிடம் உண்மையான நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டனர். வயது வந்தோர் இருவர், குழந்தை ஒன்று என மூவரை அவர் பராமரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டரை மணி நேரம். தொடங்குமுன் பராமரிப்புத் திட்டத்தை எழுத வேண்டும். முடிவில் செய்தவற்றையும் கண்டவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.

மதிப்பெண் வழங்கும் வழக்கம் அத்தேர்வில் இல்லை. செய்யத் தவறக்கூடாத செயல்கள் எவை என முன்கூட்டியே அச்சிட்டு மாணவர் கையில் தரப்பட்டிருந்தது. கையைக் கழுவத் தவறினாலும், மருந்து கொடுக்குமுன் நோயாளி இன்னார் என உறுதி செய்யத் தவறினாலும், அந்தப் பகுதியில் தோல்வியே. மற்றவற்றைச் சிறப்பாகச் செய்ததைக் காட்டி அக்குறையை ஈடுசெய்ய இயலாது. முழுத் தேர்வையும் எழுதும் வாய்ப்பு மூன்று முறைக்கு மேல் வழங்கப்படவில்லை.

வழக்கமான கல்லூரியில் ஒரு மாணவர் நூற்றுக்கு ஐம்பது பெற்றுத் தேறுகிறார். அவர் அறியாத மறுபாதியில் மருந்தளவுக் கணக்கு இருக்கக்கூடும். அதை எவரும் கேட்பதில்லை. நியூயார்க் முறை இதற்கு இடம் தரவில்லை. விரைந்து செயற்பட்டுப் பழகிய அவசர மருத்துவ உதவியாளருக்கும் இத்தேர்வு ஒரு சோதனையாகவே அமைந்தது. வண்டியில் பழகிய வேகத்தை இங்கே அடக்கி, ஒரு முதியவரைப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பதையும், அவருக்கு வலி குறைந்ததா எனத் திரும்ப வந்து கேட்பதையும் அவர் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. பல்லாண்டுகள் நடைபெற்ற இத்தேர்வு அண்மைக் காலத்தில் கைவிடப்பட்டு, வேறு மதிப்பீட்டு முறைகள் வந்துள்ளன. எனினும், செய்முறைத் திறனைத் தேர்வின் மூலம் அளக்க இயலுமா என்ற கேள்விக்கு அது விரிவானதொரு விடையாக நிற்கிறது.

எதிர்ப்பும் அதன் நியாயமும்

இத்திட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் செவிலியர் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநில வாரியங்களிடம் உள்ளது. 2003 டிசம்பரில் கலிபோர்னியா வாரியம், அதன்பின் இத்திட்டத்தில் சேருவோர் கலிபோர்னியாவில் உரிமம் பெறத் தகுதியற்றவர் என முடிவு செய்தது. பாடம் பயிலும் காலத்திலேயே ஆசிரியரின் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சியும் நடைபெற வேண்டும் என்பது அம்மாநில விதி. இறுதியில் ஒரு தேர்வு வைப்பதை அதற்கு ஈடாகக் கொள்ள அவ்வாரியம் உடன்படவில்லை. வேறு சில மாநிலங்கள் கூடுதல் பயிற்சி மணிகளை நிபந்தனையாக விதித்தன.

இவ்வெதிர்ப்பைத் தொழிற்போட்டி எனத் தள்ளிவிடலாகாது. இரண்டரை நாள் தேர்வு, அந்நாட்களில் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைக் கொண்டே நடத்தப்பட்டது. மகப்பேறு, மனநலம் போன்ற துறைகளில் மாணவர் ஒருமுறையேனும் பணியாற்றினார் என்பதற்கு அதில் உறுதி இருக்கவில்லை. தவறு நேர்ந்தபோது திருத்தி வழிகாட்டும் ஆசிரியரின் துணையும் அவருக்குக் கிடைக்கவில்லை. தேர்வு திறனை அளக்கும். ஆனால் திறனை உண்டாக்காது.

மறுபுறம், வாரியத்தின் விதியிலும் ஒரு குறை உண்டு. அது கழித்த மணி நேரத்தை எண்ணுகிறதேயன்றி, அந்நேரத்தில் கற்றதை அளப்பதில்லை.  இரு தரப்பிலும் பாதி உண்மை உள்ளது என்பதே பொருந்தும்.

செலவை ஏற்பவர் யார்?

பொருளியல் நோக்கில் இத்திட்டத்தின் பெரும் பயன் ஒன்றே. வயது வந்த ஒருவர் மீண்டும் கல்லூரிக்குச் செல்வதில் கட்டணம் சிறு பகுதி. இழக்கும் ஊதியமே பெருஞ்செலவு. முப்பத்தைந்து வயதில், குடும்பப் பொறுப்புடன் உள்ளவர் மூன்று ஆண்டுகள் வருமானமின்றி இருக்க இயலாது. தன் வேகத்தில் பயிலும் முறை அவ்விழப்பை நீக்குகிறது. சமுதாயமும் ஏற்கெனவே அவருக்கு அளித்த பயிற்சியின் செலவை மீண்டும் ஒருமுறை ஏற்க வேண்டியதில்லை.

ஆனால் இம்முறை செலவை நீக்குவதோடு இடரை மாணவர் மீது மாற்றியும் விடுகிறது. கல்லூரியில் மாணவர் பின்தங்கினால் ஆசிரியர் அறிவார். தனியே பயில்பவர் பின்தங்கினால் எவரும் அறியார். நாளை படிக்கலாம் என ஒத்திவைத்து ஆண்டுகள் கழிவதும், பாதியில் நின்றுவிடுவதும் தொலைநிலைக் கல்வி எங்கும் காணப்படும் நோய். தேர்வில் தோற்றால் கட்டணமும் பயணச் செலவும் அவருடையவையே. மேலும், மாணவர் தனித்து விடப்பட்ட இடத்தில் இடைத்தரகர் நுழைகின்றனர். அமெரிக்காவில் சில தனியார் பதிப்பகங்கள், கல்லூரிக்கும் தமக்கும் நேரடித் தொடர்பு உள்ளது போன்ற தோற்றத்தை உண்டாக்கி, வழிகாட்டி நூல்களைப் பெருந்தொகைக்கு, கடன் ஏற்பாட்டுடன் விற்றன. பணம் கட்டியதையே கல்லூரியில் சேர்ந்ததாகக் கருதி ஏமாந்தோர் உண்டு.

பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேறு வழியை மேற்கொண்டது. அங்குச் செவிலியராகப் பதிவு பெறப் பாடமும் செய்முறையுமாக மொத்தம் 4,600 மணி நேரப் பயிற்சி தேவை. மருத்துவமனைகளில் உதவியாளராகப் பணிபுரிவோரை அவர்களைப் பணியில் அமர்த்திய நிறுவனமே முன்மொழிய, அவர்கள் பாடத்தைத் தொலைநிலையிலும், செய்முறையைத் தத்தம் பகுதி மருத்துவமனைகளில் மேற்பார்வையுடனும் பயில அப்பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்தது. முன் அனுபவத்துக்கு ஓரளவு மதிப்பளிக்கவும் விதிகளில் இடமுண்டு. இங்கே மாணவர் தனித்து விடப்படுவதில்லை. பணியமர்த்தும் நிறுவனமும் பொறுப்பில் பங்கேற்கிறது.

இந்தியாவின் அனுபவம்

இதைக் கேட்போர் மனத்தில் ஓர் ஐயம் எழலாம்: செவிலியக் கல்வியில் தொலைநிலை முறை இந்தியாவுக்குப் புதியதா? புதியதன்று.

இந்தியாவில் செவிலியப் பட்டப் படிப்பு 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. 1947-இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் துணைச் செவிலியர், பட்டயம் பெற்ற பொதுச் செவிலியர், பட்டம் பெற்ற செவிலியர் எனப் படிநிலைகள் உருவாயின. பட்டயம் பெற்றுப் பணியில் சேர்ந்தவர் பட்டம் பெற விரும்பினால் ஈராண்டுகள் விடுப்பில் கல்லூரிக்குச் செல்ல வேண்டியிருந்தது. மாவட்ட மருத்துவமனையிலோ அதனினும் சிறிய மருத்துவமனையிலோ பணிபுரிந்தோர்க்கு அது எட்டாக்கனி.

1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1994-இல் இவர்களுக்கெனப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. பதிவு பெற்ற செவிலியராக இருப்பதும், குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றியிருப்பதும் அதில் சேர நிபந்தனைகள். குறைந்தது மூன்றாண்டுகள், கூடியது ஐந்தாண்டுகள் எனக் காலம் வகுக்கப்பட்டது. பாடம் அஞ்சலில் வந்தது. செய்முறையோ செவிலியர் கல்லூரிகளில் அமைந்த கற்றல் மையங்களில், ஆசிரியரின் நேர் மேற்பார்வையில் நடந்தது. அதே பல்கலைக்கழகம் 2017-இல் செவிலியர்களுக்குச் சமூக நலவாழ்வில் ஆறு மாத இணைப்புப் படிப்பையும் தொடங்கியது. துணைச் சுகாதார நிலையங்களில் பொறுப்பேற்கும் சமூக நல அலுவலர்கள் உருவாக அது உதவியது.

ஆகவே மாணவரை வீட்டில் படிக்கவிட்டு, கையைக் கல்லூரியில் பழக்கும் முறை இந்நாட்டில் சோதிக்கப்பட்ட ஒன்றே. ஆனால் அது ஏற்கெனவே செவிலியராக உள்ளோர்க்கு மட்டும் உரியதாக அமைந்தது. பிற மருத்துவப் பணியாளர் செவிலியராகும் வழி அதில் இல்லை. இதற்கிடையில், தரமற்ற நிறுவனங்கள் பெருகியதைக் கண்ட பல்கலைக்கழக மானியக் குழு, 2020-ஆம் ஆண்டின் விதிகளில், செவிலியம், மருந்தியல், பொறியியல் முதலிய துறைகளைத் தொலைநிலையில் கற்பிக்கலாகாது எனப் பொதுவாக வகுத்தது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மருத்துவமனையையே காணாத ஒருவர் அஞ்சலில் செவிலியப் பட்டம் பெறுவதை எந்த அரசும் அனுமதிக்க இயலாது. ஆனால் அவ்விதி, நாள்தோறும் நோயாளியைத் தொட்டுப் பழகியவரையும் அவ்வாறு பழகாதவரையும் பிரித்துக் காண்பதில்லை.

108 ஊழியரின் நிலை

2005 ஆகஸ்ட் 15 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பின்னர் குஜராத், தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கும் அது பரவியது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநருடன் ஓர் அவசர மருத்துவ உதவியாளர் செல்கிறார். விபத்து, மாரடைப்பு, பாம்புக்கடி, நஞ்சுண்டோர் என எல்லாவற்றையும் அவர் சந்திக்கிறார். சாலையோரத்தில் வண்டியிலேயே பிரசவம் பார்க்கவும் நேருகிறது. அமெரிக்கப் பாராமெடிக்குக்கு உள்ள அளவு அதிகாரமும் பயிற்சியும் இவருக்கு இல்லை எனினும், பத்தாண்டுப் பணியில் இவர் பெறும் அறிவு சிறிதன்று.

ஆனால் இவருக்கு மேற்செல்லும் படி இல்லை. நாற்பது வயதுக்குப் பின் இரவெல்லாம் வண்டியில் செல்வது கடினம். செவிலியராக விரும்பினால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பதினெட்டு வயது மாணவருடன் முதலாண்டில் அமர வேண்டும். அவர் அறிந்தவற்றுக்கு எவ்வித மதிப்பும் இல்லை. அதனால் பலர் தொழிலையே விட்டு விலகிச் சென்று, வேறு வேலைகளில் அமர்கின்றனர். அவர்களுடன் அவர்கள் பெற்ற பயிற்சியும் மருத்துவத் துறையை விட்டு அகன்றுவிடுகிறது.

இந்நிலை மாறுவதற்கான சட்ட அடித்தளம் அண்மையில் உருவாகியுள்ளது. 2021-இல் இயற்றப்பட்ட தேசியத் துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம், அவசர மருத்துவப் பணியையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. துணை மருத்துவத் தொழிலர் எனப் பெயர் பெறக் குறைந்தது 2,000 மணி நேரக் கல்வி வேண்டும் என வரையறுத்துள்ளது. 2023-இல் இயற்றப்பட்ட தேசியச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வகுக்கப்பட்டது. அதே ஆண்டு வெளியான தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு, 1,200 மணி நேரக் கற்றலை ஓர் ஆண்டுக்குரிய 40 மதிப்பலகுகளாகக் கணக்கிடுகிறது; பணி அனுபவத்தையும் மதிப்பிட்டு ஏற்க வழி செய்கிறது. இச்சட்டங்களும் கட்டமைப்பும் தனித்தனியே நிற்கின்றன. இவற்றை இணைத்து, ஆம்புலன்ஸ் பணியாளர் செவிலியராகும் பாதையை வகுப்பதே எஞ்சியுள்ள பணி.

செய்யத்தக்கவை

முதலாவது, பதிவுரிமை முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும். கலிபோர்னியாவில் நிகழ்ந்தது இங்கும் நிகழக்கூடும். ஒரு மாநிலத்தில் பட்டம் பெற்றவரை மற்றொரு மாநில மன்றம் பதிவு செய்ய மறுத்தால், இழப்பு முழுவதும் மாணவருடையது. ஆகவே சேர்க்கை அறிவிப்பு வெளியாகுமுன், அப்படிப்பை எல்லா மாநில மன்றங்களும் ஏற்கும் என்பதற்குத் தேசிய அளவிலான ஆணை வேண்டும்.

இரண்டாவது, சேர்க்கைக்கு முன் திறன் சோதனை நடத்தி, தெரிந்தவற்றுக்கு மதிப்பலகு வழங்க வேண்டும். பணியாற்றிய ஆண்டுகளைக் காட்டும் சான்றிதழ் மட்டும் போதாது. செய்து காட்டிய திறனுக்கே மதிப்பலகு உரியது. உடற்கூறு, முதலுதவி, அவசர சிகிச்சை ஆகியவற்றில் அவருக்கு விலக்கு கிடைக்கலாம். குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலவாழ்வு ஆகியவற்றில் விலக்கு கூடாது.

மூன்றாவது, பாடத்தைப் பயிலும் வேகம் மாணவரிடம் இருக்கட்டும். செய்முறைப் பயிற்சியின் அளவும் மேற்பார்வையும் நிறுவனத்திடம் இருக்கட்டும். 2023–24 மத்திய வரவு செலவுத் திட்டத்தில், 2014 முதல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரிகளின் அருகிலேயே 157 செவிலியர் கல்லூரிகள் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. இவற்றுள் இயங்கத் தொடங்குபவை, பயிற்சி மையமாகவும் தேர்வு மையமாகவும் விளங்கத் தக்கவை.

நான்காவது, இறுதிச் செய்முறைத் தேர்வு நியூயார்க் மாதிரியில் அமைய வேண்டும். தவறக்கூடாத செயல்களின் பட்டியல் மாணவரிடம் முன்பே தரப்பட்டு, அவற்றில் தவறினால் தேர்ச்சி இல்லை எனும் விதி வேண்டும். தேர்வு நடத்துவோர், பயிற்சி அளித்தோராக இருத்தல் ஆகாது.

ஐந்தாவது, ஆம்புலன்ஸ் சேவையை நடத்தும் அரசும் நிறுவனமும் செலவில் பங்கேற்க வேண்டும். பயிற்சி நாட்களுக்கு ஊதியத்துடன் விடுப்பு, முதல் முறை தேர்வுக் கட்டணம், குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் உறுதிமொழி ஆகியன உடன்பாட்டில் இடம்பெறலாம். இவ்வாறு செய்யின் இடைத்தரகருக்கு இடமிராது. பாதியில் நிற்போர் தொகையும் குறையும்.

இத்திட்டம் செவிலியர் பற்றாக்குறையை முழுமையாக நீக்கிவிடும் எனக் கூற இயலாது. இதனால் பயன் பெறுவோர் சில ஆயிரவராகவே இருக்கலாம். அவர்களுள் ஒவ்வொருவரும், அவசரத்தில் நடுங்காத கையுடனும், நெருக்கடியில் முடிவெடுத்த பழக்கத்துடனும் மருத்துவமனைக்கு வருவார். சிறு நகர மருத்துவமனையின் இரவுப் பணியில், மருத்துவர் வந்து சேரும் வரை நோயாளியின் அருகில் இருக்கும் செவிலியருக்கு இத்தகுதிகள் பெரிதும் வேண்டப்படுபவை.

கல்வியைத் தொலைவில் இருந்து அளிப்பதா, கூடாதா என்ற வழக்கில் பல்லாண்டுகள் கழிந்துவிட்டன. அமெரிக்க அனுபவமும் இந்திய அனுபவமும் ஒருங்கே காட்டுவது இதுவே: பாடம் எத்தனை தொலைவில் இருந்து வந்தாலும், நோயாளியின் படுக்கையருகே பயிற்சியும் சோதனையும் கடுமையாக நடைபெறுமாயின் தரம் காக்கப்படும், அங்குத் தளர்ச்சி நேருமாயின், நாள்தோறும் வகுப்பறையில் வருகைப் பதிவு எடுத்தாலும் தரம் காக்கப்படமாட்டாது. விதிகளை வகுக்கும் அலுவலர்களும், நாளை அவ்விதிகளின் கீழ்ப் பயிலவிருக்கும் மாணவர்களும் இதனை மனத்திற்கொண்டு இப்பொருளை ஆராய்தல் நலம்.